எடைச் சீட்டு இல்லாத லோரி

என் அப்பா தியோங் சிங் ஹுவாக் இறந்தபோது அவர் இரத்தத்தில் புற்றுநோய் இல்லை. கொழுப்பும் ஓர் இளைஞனுக்கு இருக்கவேண்டிய அளவில்தான் இருந்தது. நுரையீரலில் சளி கட்டியதுதான் அவரைக் கொண்டுபோனது. மற்றபடி உடம்பு நன்றாக இருந்தது என்று மருத்துவர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, பரிசோதனைத் தாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்பா முப்பத்தோரு வருடம் சித்தியவான் என்ற ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்தார். பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே வரும்போது ஓர் எடை. கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. வித்தியாசம்தான் பழம். இரண்டு எடையும் பதிந்த சீட்டைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்தால் அவர் வேலை முடிந்தது. சீட்டு இல்லாத லோரி அவரைப் பொறுத்தவரை வரவே இல்லாத லோரி. ஆலை வாசலில் அது கண்முன்னே நின்று புகை விட்டுக்கொண்டிருந்தாலும் அப்படித்தான்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயதானபோது கம்போங் கோ அரசாங்க கிளினிக்கில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாத்திரைப் பையை மேசையில் வைத்துவிட்டு, அது தன்னுடையது அல்ல என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொலஸ்ட்ரால்னு ஒண்ணு கெடையாது" என்று மறுநாள் காப்பிக்கடையில் அறிவித்தார். "சோயா எண்ணெ விக்கிறவன் கெளப்பிவிட்ட கத அது. நம்ம செம்பனை எண்ணெய உலகம் வாங்கக்கூடாது. அதுக்குத்தான் இவ்ளோ வேல. நான் சோறு தின்ன ஆலைக்குத் துரோகம் பண்ண மாட்டேன்."

அவருடைய பள்ளித் தோழர் சியா குய் ஓங் மளிகைக் கடை வைத்திருந்தவர், ஒன்பது வருடமாக அதே மாத்திரையை விழுங்குகிறவர். "நீ மாத்திர முழுங்கிட்டா ஆலைய மூடிருவானாடா?" என்று கேட்டார்.

"ஒருத்தன் ஒருத்தனா முழுங்கித்தான்டா மூடுவான்."

பதினோரு வருடம் அந்தக் கொள்கையில் அசையாமல் இருந்தார். மாதா மாதம் மாத்திரையை வாங்கி வருவார், அரசாங்கம் கொடுப்பதை மறுப்பது மரியாதையில்லை என்பதால். அம்மா அதையெல்லாம் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு வைத்தாள். எறிவதும் மரியாதையில்லை.

அம்மாவின் பெயர் ஹு சியூ இங். எங்கள் தெருவில் எல்லோரையும்போல நாங்களும் ஃபூச்சோ சீன மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். மெதடிஸ்ட்கள் குடிக்கமாட்டார்கள். எல்லார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் சிவப்பு மது ஊறும் ஜாடி இருக்கும். இந்த இரண்டு உண்மைகளும் நூறு வருடமாக ஒரே வீட்டில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடியிருக்கின்றன. சிவப்பு அரிசியில் ஊறும் அந்த மது குடிப்பதற்கு அல்ல, சமையலுக்கு. அதையும் அடியில் தங்கும் மண்டியையும் இஞ்சியோடு கோழியில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மெல்லிய மீ சுவா நூடுல்ஸை வேகவைத்துப் போட்டு, மேலே இரண்டு முட்டை வைத்தால் அது பிறந்தநாளுக்கு. பிள்ளை பெற்றவளுக்கு. முக்கியமாக, ஊரை விட்டுக் கிளம்புகிறவருக்கு ஒரு கிண்ணம், பத்திரமாகத் திரும்பி வந்தவருக்கு ஒரு கிண்ணம். மதுவைக் கண்டித்து வருடம் தவறாமல் பிரசங்கம் செய்த எங்கள் போதகர், மாற்றலாகிப் போன அன்று எங்கள் வீட்டில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அப்பாவுக்கு அறுபத்து மூன்றாம் வயதில் கழுத்தில் நெறி கட்டியது. ஈப்போவில் ஒரு பெரிய மருத்துவமனையில், டாக்டர் வான் சுஹைலா என்ற இளம் மருத்துவர் பார்த்தார். கிளந்தான்காரர், முக்காட்டுக்கு மேலே கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவார்.

"இது ரத்தப் புத்துநோய்தான் அங்கிள். ஆனா மெதுவா நடக்கிற வக. நம்ம பக்கத்துல அபூர்வம். வெள்ளக்காரங்களுக்குத்தான் அதிகமா வரும்."

அப்பா அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஊருக்கு எடுத்து வந்தார். முதல் சிகிச்சை இரண்டு வருடம் தாங்கியது. பிறகு நோய் திரும்பி வந்தது. அடுத்த மருந்து புதியது, நாங்கள் வீட்டை விற்றாலும் போதாத விலை. அப்போதுதான் டாக்டர் அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்.

"அங்கிள், நல்ல செல்லு வயசானா தானாச் செத்துரும். இந்தப் புத்துநோய் செல்லு சாகாது. ஒரு புரதத்தக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். இந்த மாத்திர அந்தப் பிடிய விடவைக்கும். அதோட கொலஸ்ட்ரால் மாத்திரையும் சேத்துக் குடுத்தா இன்னும் சீக்கிரம் விடுமான்னு பாக்குறாங்க. ஆராய்ச்சியில சேந்தா ரெண்டுமே இலவசம்."

"கொலஸ்ட்ரால் மாத்திரையா" என்றார் அப்பா.

"ஆமா. ஆனா ஒரு நிபந்தன. ஏற்கெனவே அதச் சாப்பிடுறவங்கள சேக்கமாட்டாங்க. நீங்க சாப்பிடுறீங்களா?"

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு வருட விரதத்துக்கு வரம் கிடைத்தவர்போல இருந்தார். "ஒருநா கூட இல்ல டாக்டர். டப்பா வீட்லதான் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க."

அந்த வார்டில் இந்த மருந்துக்குத் தகுந்த நோயாளிகள் மூன்று பேர். மற்ற இருவரும் டாக்டர் பேச்சைக் கேட்டு வருடக்கணக்கில் கொலஸ்ட்ரால் மாத்திரை விழுங்கியவர்கள். சேர்க்கப்பட்டது அப்பா ஒருவர்தான்.

"நாங்கெல்லாம் டாக்டர் பேச்சக் கேட்டே கெட்டுப் போனோம்" என்றார் சியா. "இப்ப நீ மட்டும் அந்த சோயாக்காரன் மாத்திரைய முழுங்கலாமா?"

"அது வேற. இது ஆராய்ச்சி. என் ரத்தத்த அளந்து வெளிநாட்டுல எழுதி வைக்கப் போறான். உன் ரத்தத்த எவன் எழுதுறான்?"

படிவத்தை நிரப்பியது நான். பன்னிரண்டு பக்கம். பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறவள் என்பதால் அந்த வேலை என்னுடையதாயிற்று. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன்.

"மது அருந்துவீர்களா?"

"மெதடிஸ்ட்டுனு எழுது."

"அப்படி எழுத எடமில்லப்பா. இல்லன்னு போடுறேன். வேற மருந்து, மூலிகை, சத்து மாத்திரை?"

"எதுவும் கெடையாது. ஒரு தலவலி மாத்திர கூடக் கெடையாது."

எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். எதிரே அம்மா இஞ்சி சீவிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பயணத்துக்கு.

புதிய மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கமாட்டார்கள். ஐந்து வாரம், வாரம் ஒரு படி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஈப்போ போய் ஓரிரவு தங்கி இரத்தம் கொடுக்க வேண்டும். அம்மாவின் கணக்கில் அது ஐந்து பயணம், ஆகவே பத்துக் கிண்ணம். மருந்தை உணவோடுதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்குப் பெரிய பலமாகிவிட்டது. இரத்தத்தில் நோய் வந்தவனுக்குச் சிவப்பு நல்லது என்று அவளே ஒரு சிகிச்சையும் சேர்த்துக்கொண்டாள். பயணம் இல்லாத நாட்களிலும் கிண்ணம் வந்தது.

மூன்றாம் வாரம் அப்பாவின் தொடைகள் வலிக்க ஆரம்பித்தன. காப்பிக்கடை பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து எழுந்திருக்க சியாவின் தோள் தேவைப்பட்டது. ஈப்போவில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் முகம் சுருக்கினார்.

"தசை நோகுறது இதுலயும் தெரியுது. கொலஸ்ட்ரால் மாத்திர ஒத்துக்கலன்னா இப்படி வரும். ஆனா நாம குடுக்கிறது கொஞ்சந்தான். வேற ஏதாவது சாப்பிடுறீங்களா அங்கிள்?"

"இல்ல டாக்டர்."

"இது இன்னும் ஏறுனா உங்கள ஆராய்ச்சியில வச்சிருக்க முடியாது. புது மருந்தும் நின்னுரும். யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பா யோசித்தார். நானும் யோசித்தேன். இருவரும் யோசித்து 'இல்லை' என்றோம். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அரை நிமிடத்தில் காரணம் கண்டுபிடித்தாள்.

"போன வாரம் அவசரத்துல ஒத்த முட்டையோட போனேல்ல ஹுவாக். கால் வலிக்காம என்ன செய்யும்?"

அன்று முதல் மூன்று முட்டை. மண்டியும் இரண்டு கரண்டி கூட. கிண்ணத்தின் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாயிற்று. அப்பாவின் கால்கள் இன்னும் மோசமாயின. அம்மா இன்னொரு கரண்டி சேர்த்தாள்.

ஐந்தாம் வாரம். வார்டில் காலை பத்து மணிக்குக் கடைசிப் படி மாத்திரையை விழுங்கினார். அன்று விடிவதற்கு முன் வீட்டில் சாப்பிட்டது போக, அம்மா சூட்டுக் குப்பியில் கொடுத்தனுப்பியதையும் கட்டில் திரையை இழுத்துவிட்டுச் சாப்பிட்டிருந்தார். அரைமணி நேரத்தில் வயிற்றைப் பிடித்தார். நான் தட்டை நீட்டுவதற்குள் மெத்தையெல்லாம் சிவப்பு.

தாதி ஒரு விநாடிதான் பார்த்தாள். இரத்தத் தட்டணுக்கள் குறைவாக உள்ள நோயாளி, சிவப்பாக வாந்தி எடுக்கிறார். மணியை அழுத்தினாள். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் ஊசி ஏற்ற, ஒருவர் இரத்தம் இரண்டு பை வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். டாக்டர் வான் சுஹைலா படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"டாக்டர்" என்றார் அப்பா படுத்தபடியே. "அது ரத்தமில்ல."

"பேசாதீங்க அங்கிள்."

"ரத்தமில்ல டாக்டர். நெசமா."

"பின்ன என்ன?"

அப்பா என்னைப் பார்த்தார். "பிங், நீ சொல்லு."

"நீங்களே சொல்லுங்கப்பா."

"எப்படி சொல்றது, அவங்ககிட்ட." பிறகு டாக்டரிடம், மிகுந்த மரியாதையோடு, "உங்க காதுல போட்டா உங்களுக்குப் பாவமாயிரும்னுதான் சொல்லல" என்றார்.

"கேட்டா பாவமில்ல அங்கிள். தின்னாத்தான். சொல்லுங்க."

சொன்னார். மது என்ற சொல்லுக்குக் குரலைத் தாழ்த்தி, கோழி என்ற சொல்லுக்கு உயர்த்தி, பன்றி இதில் கிடையாது என்று இருமுறை உறுதி கொடுத்து, சொன்னார். ஒரு முஸ்லிம் பெண்ணின் முன் மதுவைப் பற்றிப் பேசாத நாகரிகம் அவருடையது. ஐந்து வாரம் அதைக் காப்பாற்றியிருந்தார். தாதி மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ஆமா டாக்டர், இஞ்சி வாசன வருது" என்றாள். இரத்தப் பைகள் வேண்டாம் என்று யாரோ கீழே சொல்லியனுப்பினார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்தச் சிவப்பு எதுலேர்ந்து வருது?" என்றார்.

"அரிசி" என்றேன். "பூஞ்சை பிடிக்க வச்ச சிவப்பு அரிசி."

கைப்பேசியை எடுத்துப் படித்தார். நெடுநேரம் படித்தார். கண்ணாடியை முக்காட்டின் மேல் ஏற்றிக்கொண்டார்.

"அங்கிள், இத எத்தன வருஷமாச் சாப்பிடுறீங்க?"

"பொறந்ததுலேர்ந்து. அதுக்கு முன்னாடி அம்மா சாப்பிட்டிருப்பாங்க."

"கொலஸ்ட்ரால் மாத்திர இருக்கில்ல, அதுல ஒண்ணு இந்தப் பூஞ்சையே செய்யிற சரக்குதான். இந்தச் சிவப்பு அரிசியில அது இருக்கலாம். எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. ஒரு ஜாடியில ஒண்ணும் இருக்காது, ஒரு ஜாடியில நெறைய இருக்கும். நாங்க ஒரு பங்கு குடுத்தோம். வீட்ல எத்தன பங்கு குடுத்தாங்களோ."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வலியை அவர் தாங்கியிருந்தார், வாந்தியைத் தாங்கியிருந்தார். இது வேறு. பதினோரு வருடம் ஆலைக்கு விசுவாசமாக இருந்த மனிதன், அறுபத்தைந்து வருடமாக எதிரியின் மாத்திரையைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டிருக்கிறான், அதுவும் முட்டையோடு.

"இத சியாகிட்ட சொல்லாத" என்றார் என்னிடம்.

டாக்டர் நடந்ததை மறைக்காமல் ஆராய்ச்சி நடத்துகிறவர்களுக்கு எழுதியாக வேண்டும். மருந்து தொடருமா, நிற்குமா என்று அவர்கள் சொல்ல வேண்டும். பதில் வர மூன்று வாரம் ஆகும், அதுவரை சிவப்புக் கிண்ணம் கூடாது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். ஜாடியை மாடிப்படிக்கு அடியிலிருந்து இழுத்துப் பின்கட்டில் வைத்தாள். அடுத்த பயணத்தன்று தெளிந்த கோழிச் சாற்றில் வெள்ளை மீ சுவா, இரண்டு முட்டை.

"வெள்ளையா ஒரு கிண்ணம் குடுத்து அனுப்புறேன் பாரு" என்றாள் என்னிடம். "இது என்ன சாவு வீடா."

அப்பா மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "ருசியில்ல" என்றார். "ஆனா லோரி ஓடும்."

மூன்று வாரத்தில் கால்வலி போயிற்று. கழுத்து நெறியும் கரைந்திருந்தது. பதிலும் வந்தது. டாக்டர் நிறைய வாதாடியிருக்கிறார் என்பது அவர் சொல்லாமலே தெரிந்தது.

"ரெண்டு மாத்திரையும் தொடரலாம் அங்கிள். இலவசந்தான். கடைசி வரைக்கும் குடுப்பாங்க."

அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்பா மட்டும், "ஆனா?" என்றார். முப்பத்தோரு வருடம் லோரி ஓட்டுநர்களின் முகத்தைப் பார்த்தவர்.

"ஆனா உங்க ஆரம்ப எடை தப்பாயிருச்சில்ல. நீங்க வரும்போதே உள்ள ஏதோ ஏத்திக்கிட்டு வந்துட்டீங்க. எந்த மாத்திர எதச் செஞ்சுதுன்னு பிரிக்க முடியாது. அதனால உங்க முடிவ ஆராய்ச்சியில எண்ணமாட்டாங்க."

அவர் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் டாக்டர் எடைமேடை மொழியில் சொன்னார். அதுவே தவறாயிற்று. மிக நன்றாகப் புரிந்துவிட்டது.

"அப்ப நான் நல்லானா?"

"நல்லாவீங்க."

"எழுதமாட்டாங்க."

"எழுதமாட்டாங்க அங்கிள். நல்லானாப் போதாதா?"

"போதும்" என்றார் அப்பா. பிறகு, "லோரி வந்துச்சு, பழம் கொட்டுச்சு, எண்ணெயும் எடுத்தாச்சு. சீட்டு மட்டும் இல்லன்னா எப்படி டாக்டர்?" என்றார்.

ஒரு வருடத்தில் அவர் எலும்பு மஜ்ஜையில் தேடியும் நோய் கிடைக்கவில்லை. ஊரில் எல்லோரும் வாழ்த்தினார்கள். சியா கோம்பியா ரொட்டி ஒரு பெட்டி வாங்கி வந்தார். "சோயாக்காரன் காப்பாத்திட்டான் பாத்தியா" என்றார். யார் சொன்னார்களோ, விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. என்னை உட்காரவைத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னார். தான் பொய் சொல்லவில்லை, கேள்வியில் மருந்து என்றுதான் இருந்தது, மீ சுவா என்று இல்லை, சிவப்பை நிறுத்திய தேதியிலிருந்தாவது தன்னை எடைபோட்டுக்கொள்ளலாம். இரண்டு மாதம் கழித்து நன்றி தெரிவித்து ஒரு பக்கப் பதில் வந்தது. தொடக்கத்தில் அவர் பெயருக்குப் பதிலாக ஓர் எண் இருந்தது. அதைப் பலமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எண் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது அவருக்கு.

அதற்கு அடுத்த வருடம் நவம்பர் மழையில் காய்ச்சல் வந்தது. இந்த மருந்து உடம்பின் காவலையும் கொஞ்சம் தளர்த்தும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது காலை எட்டு மணி. அடுப்பில் எதுவும் இல்லை. தள்ளுகட்டிலில் ஏற்றும்போது அப்பா முகமூடியை விலக்கி, "ஏ இங், கிண்ணம் எங்க?" என்றார்.

"வந்து சாப்பிடு" என்றாள் அம்மா. "போறதுக்கும் வர்றதுக்கும் சேத்து வச்சிருக்கேன். போ."

அவள் அன்று வெள்ளையாகத்தான் சமைத்தாள். சாயங்காலம் நான் ஈப்போவிலிருந்து தொலைபேசியில் செய்தியைச் சொன்னபோது மீ சுவா சாற்றையெல்லாம் குடித்து ஊதிப்போயிருந்ததாம். பிறகு அதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து டாக்டர் வான் சுஹைலா அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை அனுப்பினார். பள்ளியில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினான்கு பக்கம். அம்மா அதே சாப்பாட்டு மேசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், வாசிக்கப்போகிறவள் அவள்தான் என்பதுபோல. நான் தேடினேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"உணவு சார்ந்த காரணத்தால் ஒருவர் கணக்கில் சேர்க்கப்படவில்லை" என்று எங்கள் பேச்சில் சொன்னேன்.

"யாரு அந்த ஒருத்தர்?"

"அப்பாதான்."

"பேரு போடலயா?"

"போடமாட்டாங்கம்மா. யாருக்குமே போடல."

"என்ன உணவுன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "அந்தப் படிவத்துலயும் நீ இல்லன்னுதான் எழுதுன" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நினைவில் வந்ததைச் சொன்னாள்.

பேனாவை எடுத்தேன். அந்தச் சிறிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், தியோங் சிங் ஹுவாக் என்று எழுதினேன். அதற்குக் கீழே, சிவப்பு மது, மண்டி, கோழி, மீ சுவா.

"முட்ட" என்றாள் அம்மா.

"எத்தன?"

"மூணுன்னு போடு. கடைசியில மூணுதான் வச்சேன்."

போட்டேன்.